கேஸ் ஓவன் பற்றவில்லையா? ஸ்பார்க், இக்னைட்டர், பைலட்: எது எப்படிப் படுத்தும்

மேலே அடுப்பு நன்றாக எரிகிறது, கீழே ஓவன் மட்டும் பற்ற மறுக்கிறது. அப்படியானால் வீட்டுக்குள் கேஸ் வருகிறது. கோளாறு பெரும்பாலும் ஓவனைப் பற்றவைக்கும் பகுதியில்தான் இருக்கும். அதைத் தேடும் வழி ஓவனுக்கு ஓவன் மாறும். புழக்கத்தில் மூன்று வகை உண்டு: டிக் டிக் என்று பொறி தட்டும் ஸ்பார்க், சூடேறிச் சிவக்கும் இக்னைட்டர், எந்நேரமும் சிறு சுடராக எரியும் பைலட். கேஸ் வாடை பலமாக அடித்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். இந்தியாவில் சிலிண்டர் கசிவுக்கான உதவி எண் 1906.

கோளாறு கண்டுபிடிக்க மிகவும் சுலபமானது ஸ்பார்க். சத்தமே வரவில்லையா? பேட்டரி, பிளக், சுவிட்ச் இவற்றைப் பாருங்கள். சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால், சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பொறி எங்கே பாய்கிறது என்று கவனியுங்கள். முனைக்கும் பர்னருக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். முனையைச் சுற்றியுள்ள பீங்கானில் விரிசலோ ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பொறி பக்கவாட்டில் ஓடிவிடும். பற்றிக்கொண்டு, குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைகிறதா? அது ஸ்பார்க்கின் குற்றமல்ல. சுடரின் சூட்டில் தெர்மோகப்பிள் தரும் சில மில்லிவோல்ட் மின்சாரம்தான் பாதுகாப்பு வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்கிறது. பற்றிய பிறகும் 10, 15 விநாடி குமிழை அழுத்திப் பிடியுங்கள். பல வீடுகளில் அதோடு வேலை முடிந்துவிடும்.

சிவக்கும் இக்னைட்டர் அப்படி நேர்மையானது அல்ல. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான வகை. கண்ணால் பார்த்தால் செக்கச் சிவந்து நிற்கும், ஆனால் கேஸ் வராது. உடனே எல்லாரும் வால்வைத்தான் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் இக்னைட்டரும் வால்வும் ஒரே மின்சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. இக்னைட்டர் வழியாகப் போதுமான கரண்ட் ஓடினால்தான் வால்வுக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்து வழிவிடும். பழசாகிப்போன இக்னைட்டரில் மின்தடை ஏறிவிடுகிறது. சிவக்கும் அளவுக்குக் கரண்ட் ஓடும், வால்வைத் திறக்கும் அளவுக்கு ஓடாது. ஒன்றரை நிமிடம் சிவந்து நின்றும் தீ வரவில்லை என்றால் முதல் சந்தேகம் இக்னைட்டர் மேல்தான் விழ வேண்டும்.

இதை அளக்கவும் இரண்டு வழி சொல்கிறார்கள். மல்டிமீட்டரில் மின்தடை பார்ப்பது ஒன்று. இக்னைட்டர் முழுக்க அறுந்துபோனதா என்று தெரியும், அவ்வளவுதான்; பலவீனமானதைக்கூட நல்லதென்று காட்டிவிடும். கிளாம்ப் மீட்டரை ஒற்றை ஒயரைச் சுற்றி மாட்டி, ஓடும் கரண்டை அளப்பதே சரி. தட்டை வடிவ சிலிக்கான் கார்பைடு வகைக்குச் சுமார் 3.2 முதல் 3.6 ஆம்பியர், உருளை வகைக்குச் சுமார் 2.5 முதல் 3 ஆம்பியர் வேண்டும். ஆனால் ஓவனில் மின்சாரம் ஓடும்போது செய்கிற வேலை இது. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல்.

பைலட் பெரும்பாலும் பழைய ஓவன்களில்தான் இருக்கிறது. சுடர் அணைந்திருக்கும், அல்லது துளை அடைத்து மஞ்சளாக மெலிந்து எரியும். துளையைச் சுத்தம் செய்தும் சுடர் நிலைக்கவில்லை என்றால் தெர்மோகப்பிளை மாற்ற வேண்டும். பைலட்டுக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் நாளெல்லாம் கேஸ் வீணாகும்.

புதிதாக வாங்குவதானால், கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு ஸ்பார்க் வகையைத்தான் சொல்வேன், அதுவும் கையால் பற்றவைக்கத் துளை விட்டிருக்கும் மாடலாக. இக்னைட்டர் வகையில் கரண்ட் இல்லாதபோது தீக்குச்சி கிழித்தும் பயனில்லை, வால்வே திறக்காது.

ஏற்கெனவே இக்னைட்டர் ஓவன் வைத்திருப்பவர்கள் பாகம் மாற்றும்போது மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். தட்டை இருந்த இடத்தில் உருளையைப் போட்டால் வால்வோடு ஒத்துப்போகாது. பிளக்கைப் பிடுங்கி, கேஸை மூடிவிட்டுத் தொடங்குங்கள். இக்னைட்டரின் கருப்பான பகுதியைத் தொடாமல் பீங்கான் அடியைப் பிடித்தே மாட்டுங்கள், சட்டென்று உடைந்துவிடும். அப்புறம் ஒயர் இணைப்புக்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் போதாது. ஓவன் சூட்டில் உருகிவிடும், பீங்கான் மூடிதான் போட வேண்டும்.