பழைய லப்டொப்பில் நல்லூர்த் தேர்: மூன்று வருடமாகப் பாவிக்கும் ஒரு செற்றிங்

2009 இல் வாங்கிய லப்டொப், கோர் 2 டுவோ. அம்மம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லூர்த் தேர் பார்ப்பது அதில்தான். மாமா ஊருக்கு வந்தபோது எடுத்து, எடிற் செய்து தந்த 1080 அளவு வீடியோ, எச்.264 என்ற முறையில் சுருக்கியது. தேர் அசையாமல் நிற்கும்போது வீடியோ ஒழுங்காக ஓடும். சனம் வடம் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் படம் திக்கும். அரோகரா சத்தம் மட்டும் முன்னுக்குப் போய்விடும்.

வீடியோ பார்க்கும் மென்பொருளான விஎல்சியில் (VLC) டிபிளொக்கிங் வடிகட்டியைத் தவிர்க்கும் தெரிவு இருக்கிறது. எச்.264 படத்தைக் கட்டம் கட்டமாகச் சுருக்குவதால் ஓரங்கள் தெரியும். அவற்றை இழைத்துவிடுவது இந்த வடிகட்டி. ஒவ்வொரு ஓரத்துக்கும் 0 முதல் 4 வரை பலம் கணித்துத்தான் இழைக்கும். சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் டிகோடிங் வேலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகக்கூடும்.

முதலில் 'ஓல்' (All) போட்டேன், எல்லாப் பிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்திலும், வடிகட்டியை விடும். திக்கல் நின்றது. ஆனால் அம்மம்மா கேட்டா, "தம்பி, முருகன்ரை முகம் ஏன் கரையுது?" இழைத்த பிரேமைப் பார்த்துத்தான் அடுத்த பிரேம் உருவாகிறது. இழைக்காமல் விட்டால் பிழை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடுத்த கீபிரேம் (வேறு பிரேமைப் பாராமல் முழுதாக எழுதிய பிரேம்) வரும்வரை போகாது. எச்.264 வீடியோ உருவாக்கும் எக்ஸ்264 என்ற மென்பொருள் வழமையாக 250 பிரேம் வரை கீபிரேம் இல்லாமல் விடும். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் 10 செக்கன். சாமி முகம் அவ்வளவு நேரம் கலங்கி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு 'நொன்-ரெஃப்' (Non-ref). வேறு எந்தப் பிரேமும் பார்த்து எழுதாத பிரேம்களில் மட்டும் வடிகட்டியை விடும். பிழை அந்தப் பிரேமோடு முடிந்துவிடும். மூன்று வருடமாக இதுதான். நிறுத்திப் பார்த்தால் புழுதிக்குள் கட்டங்கள் தெரியும், ஓடும்போது தெரியாது. லப்டொப் முன்னைப்போல் கொதிப்பதுமில்லை.

எல்லா வீடியோவுக்கும் இது உதவாது. ஃபோனில் எடுத்த தங்கச்சியின் கலியாண வீடியோவில் ஒரு மாற்றமும் இல்லை. பெரும்பாலும் வேறு பிரேம்கள் பார்த்து எழுதாத பி (B) பிரேம் அதில் கிடையாது, எல்லாம் ரெஃபரன்ஸ், அதாவது வேறு பிரேம் பார்த்து எழுதுபவை, தவிர்க்க எதுவுமில்லை.

இம்முறை மாமா எச்.264 க்குப் பிறகு வந்த எச்.265 முறையில் அனுப்பினார். அதன் டிபிளொக்கிங் 4×4 புள்ளிக் கட்டங்களை விட்டு 8×8 கட்டங்களின் ஓரங்களில் மட்டும் வேலை செய்வதால் அந்தப் பகுதி இலகுதான். மற்றதெல்லாம் பாரம், இந்த லப்டொப் தாங்காது. பி பிரேம்களோடு எச்.264 க்கு மாற்ற இரவிரவாக ஓடவிட்டேன். அடுத்த நாள் மத்தியானம் அம்மம்மா தேர் இருப்புக்கு வரும்வரை இருந்து பார்த்தா.