பத்தடி அகலப் படகும் இரட்டை அச்சு ட்ரெயிலரும்

வாடைக்காற்று கிளம்புமுன் திருகோணமலையிலுள்ள கேபின் படகுகள் பல மிரிச, நீர்கொழும்புப் பக்கம் போய்விடும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் திரும்பி வரும். கடல்வழியே சுற்றிவர மனமில்லாதவர்களுக்கு ட்ரெயிலர்தான் வழி. இங்கே வாடகைக்கு ஓடும் ஒரு ட்ரெயிலர் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. ஏற்றிய படகு 26 அடி நீளம், 10 அடி அகலம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: படகைக் கையாள்வதில் கெட்டிக்காரர்கள், சில்லுகள் விஷயத்தில் அவசரக்காரர்கள்.

அகலமான படகென்றால் எல்லாருடைய கண்ணும் பக்கவாட்டிலேயே இருக்கும். முதலில் பார்க்கவேண்டியது நிறை. எஞ்சினோடு படகு 2,500 கிலோ, டீசல் 300 லீற்றர் என்றால் ஏறக்குறைய 250, தண்ணீர் 80, நங்கூரம், பற்றரி, சாமான் 170. ஆக 3 தொன். ட்ரெயிலர் 800 கிலோ. பெரும்பாலான பிக்கப்கள் இழுக்க அனுமதிக்கப்பட்ட உச்சமே 3,500 கிலோதான். தாங்கிகளை வெறுமையாக்கினாலும் அந்த எல்லையில் போய் முட்டும். இவர்கள் பிக்கப்பை நம்பாமல் சிறு லொறியைக் கொண்டுவருகிறார்கள். அது சரியான முடிவு.

ஏற்றும் வேலை பார்க்க அழகாயிருக்கும். இங்கே வற்றுப் பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் நேரம் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. ட்ரெயிலரின் தாங்கு பலகைகள் மூன்றில் இரண்டு பங்கு நனையும்வரை மட்டும் இறக்குகிறார்கள். அதற்குமேல் இறக்கினால் பின்பக்கம் மிதந்து, மேலே இழுக்கும்போது படகு கோணலாகக் குந்தும். எஞ்சினை முறுக்கி ஏற்றாமல், ட்ரெயிலரின் முன்தூணிலுள்ள வின்சில், அதாவது கயிறு சுற்றும் உருளையில், இழுக்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு சபாஷ். படகின் விசிறி கிளப்பும் நீர், படகு இறக்கும் சரிவான ராம்பின் முனையிலுள்ள மணலைத் தோண்டிவிடும், அடுத்தவனுடைய சில்லு அந்தக் குழியில்தான் விழும்.

படகின் முன்முனையான அணியம் வின்ச் தூணில் முட்டியதும், ட்ரெயிலர் லொறியோடு சேரும் கொக்கியில் இறங்கும் பாரத்தை அளக்கிறார்கள். மொத்த நிறையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது இந்தச் சுமைக்கு 190 முதல் 380 கிலோ அங்கே இருக்கவேண்டும். குறைந்தால் வேகத்தில் ட்ரெயிலர் பாம்புபோல் வளையும். கொக்கியிலிருந்து அச்சுகளின் நடுவுக்கு 5 மீட்டர் என்றால், படகை 10 சென்ரிமீட்டர் முன்னே நகர்த்த 60 கிலோ கூடும். தூணை நகர்த்திச் சரிசெய்யும் பொறுமை இவர்களிடம் இருக்கிறது. படகைக் கட்டும் பெல்ட் விளிம்பில் உரசும் இடத்துக்குப் பழைய ரியூப் துண்டு, காற்றில் ரீங்காரமிடாதிருக்க பெல்டுக்கு அரை முறுக்கு, இதெல்லாம் சொல்லாமலே நடக்கும்.

குறைக்கு வருவோம். லொறியின் உருண்டையைக் கவ்வும் ட்ரெயிலரின் கப்ளிங் அமெரிக்க அளவு, 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். லொறியிலுள்ள உருண்டை 50 மில்லிமீட்டர். பூட்டும்போது பிடித்ததுபோலத்தான் இருக்கும். பள்ளத்தில் விழும்போது ‘டங்’ என்று அடிக்கும். பூட்டியபின் முன்சில்லு ஜக்கைச் சுற்றி ட்ரெயிலரின் மூக்கை உயர்த்திப் பாருங்கள்: லொறியின் பின்புறமும் கூடவே எழவேண்டும். எழாமல் கழன்றால் புறப்படவிடாதீர்கள். சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்கே மாட்டச் சொல்லுங்கள். இவர்கள் நேராக மாட்டுகிறார்கள்.

இன்னும் மோசம் ஹப், அதாவது பெயாரிங் இருக்கும் சில்லின் நடுக்குடம். புறப்பட்டால் கந்தளாயில் நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பிலும் கைவைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் கை வைக்கமுடியாமல் சுட்டால் பெயாரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவர்கள் ஹபறணைவரை நிறுத்துவதேயில்லை. திரும்பி வரும்போது அதைவிடக் கொடுமை: சுடச்சுட ராம்பில் இறக்கிவிடுகிறார்கள். சூடான ஹப் திடீரெனக் குளிரும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, சீலைத் தாண்டி உப்புநீரை உறிஞ்சும். கிறீஸ் பால்போல வெளுக்கும், பெயாரிங் குழிவிழும், அடுத்த பயணத்தில் சில்லு நடுவீதியில் நிற்கும். அரை மணிநேரம் ஆறவிட்டால் போதும். அந்த நேரத்தில் பெல்ட் கழற்றலாம், லைட் வயரைப் பிடுங்கலாம், மழைநீர் வடியத் திறந்துவைத்த பின்னடைப்பானை மூடலாம். கடைசி வேலையை மறந்தவர்களின் படகு ராம்பிலேயே நீர் குடிக்கும்.

கரையேறியதும் பிரேக்குக்கும் ஸ்பிறிங் தகடுகளுக்கும் நன்னீர் அடிக்கவேண்டும். ராம்பில் குழாய் இருக்குமென்று நம்பாமல் இவர்கள் பீப்பாயில் கொண்டுவருகிறார்கள்.

வீதியில் ஓட்டுநர் நிதானமானவர். சிவப்புக் கொடி பின்மூலையில் அல்ல, படகு மிக அகலமாயிருக்கும் நடுப்பகுதியில் கட்டப்படுகிறது. நகர எல்லை தாண்டும்வரை வீதியில் திரியும் புள்ளிமான்களை நினைத்து மெதுவாக உருட்டுகிறார். திடீர் பிரேக் போட்டால் படகும் ட்ரெயிலருமாக 3.8 தொன் பின்னாலிருந்து தள்ளும். கந்தளாய்க்கு அப்பால் யானை நடமாடும் வீதி என்பதால் விடியும்வரை புறப்படமாட்டார். வயர் தொங்கும் ஒழுங்கைகளுக்குள் நுழையுமுன், நிலத்திலிருந்து படகின் உச்சிவரை நாடா பிடித்து அளந்து, கண்ணாடியில் சோக்கால் எழுதிவைக்கிறார்.

வெறும் ட்ரெயிலராகத் திரும்பும் தூரத்துக்கும் காசு கேட்பார்கள், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஸ்பெயார் சில்லு இருக்கிறதா என்று கேட்டால் லொறியினுடையதைக் காட்டுவார்கள். ட்ரெயிலருடையதைக் கேளுங்கள், நட்டுத் துளைகளை எண்ணிப் பார்த்தபிறகு ஏறுங்கள்.