மேடைக்கு நேரம் தவறக் கூடாது: யூரோவிஷன் 2023-க்கு கீவா, கிராகோவா, லிவர்பூலா?

2022 மே 14 இரவு, இத்தாலியின் டூரின் நகரில் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு 631 புள்ளிகளோடு, நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றது. கோப்பை கைக்கு வந்த அந்த நிமிடமே அடுத்த தலைவலியும் வந்துவிட்டது. ஜெயித்த நாடுதான் அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் என்பது வழக்கம். ஜெயித்ததோ உக்ரைன். ரஷ்யப் படை உள்ளே நுழைந்து அன்றோடு 79 நாள்.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. உக்ரைனிலேயே நடத்துவது ஒன்று. பக்கத்து வீடான போலந்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. போரின் சத்தமே எட்டாத தூரத்து நாட்டிடம் ஒப்படைப்பது மூன்றாவது. கடைசியில் பிரிட்டன், அதற்குள் லிவர்பூல் என்று முடிந்தது எல்லோருக்கும் தெரியும். என் ஓட்டும் லிவர்பூலுக்குத்தான். ஆனால் 'அங்கே குண்டு விழும்' என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணத்துக்காக மட்டும் அல்ல.

போர் நடக்கும் நாட்டில் யூரோவிஷன் நடக்கவே கூடாது என்று ஒரு விதியும் கிடையாது. 2017-இல் இதே கீவ் நடத்தியது. அப்போதே கிழக்கே டொன்பாஸில் சண்டை மூன்றாண்டாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே உக்ரைனின் அப்போதைய கலாசார அமைச்சர் ஒலெக்சாந்தர் தகாச்சென்கோவும், பொது ஒலிபரப்பு நிறுவனமான சுஸ்பில்னேயும், முன்பு கோப்பை வென்ற ருஸ்லானாவும் ஜமாலாவும் சேர்ந்து 'எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்' என்று கேட்டதை வெறும் உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட முடியாது. கீவ் மட்டுமல்ல, மேற்கே லிவிவும், ஸ்லோவாக்கிய எல்லையை ஒட்டிய ஸகர்பாத்தியாவும் பேச்சில் இருந்தன. ஆனாலும் ஜூன் 17 அன்று, போட்டிக்குப் பொறுப்பான ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் முடியாது என்று சொல்லிவிட்டது.

என் கணக்கில் இதைத் தீர்மானித்தது ஒரே விஷயம்தான்: கடிகாரம்.

யூரோவிஷன் சாதாரணக் கச்சேரி அல்ல. வித்வானுக்குத் தொண்டை சரியில்லை என்றால் அரை மணி தள்ளி ஆரம்பிக்கலாம் என்ற சலுகை இதில் இல்லை. மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 9 மணிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தொலைக்காட்சிகள் ஒரே நொடியில் இணைகின்றன. ஒரு பாட்டு அதிகபட்சம் 3 நிமிடம். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு சிறு அறிமுகப் படம் ஓடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் முந்தைய குழுவின் சாமான்களை உருட்டித் தள்ளி, அடுத்ததன் சாமான்களைக் கொண்டுவந்து, மைக் சரிபார்த்து, ஆட்களைக் குறியிட்ட இடத்தில் நிறுத்த வேண்டும். இறுதிச் சுற்று ஏறக்குறைய 4 மணி நேரம்.

இதைக் கீவ் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரவு 10-க்குத் தொடக்கம், விடியற்காலை 2-ஐ ஒட்டி முடிவு. 2023 வசந்தத்தில் கீவில் ஊரடங்கு நள்ளிரவு 12 முதல் 5 வரை. அதாவது, ஓட்டு எண்ணிக்கைக்கு முன்பே ஊர் தெருவை மூடிவிடும். விலக்கு கொடுக்கலாம்தான். ஆனால் ஒன்றியம் போட்ட கணக்குப்படி, வேலைக்காக அனுமதிச் சீட்டு பெறுபவர்கள் மட்டும் சுமார் 10,000 பேர்; வெளிநாட்டிலிருந்து வரும் ரசிகர்கள் சுமார் 30,000. அவ்வளவு கூட்டத்தையும் போர்க்கால நகரத்தில் அதிகாலை 2 மணிக்கு ஹோட்டலுக்கு அனுப்புவதற்கு ஒரு அரசாணை போதாது.

இனி சைரன். லிவிவ் அல்லது ஸகர்பாத்தியா பாதுகாப்பானது, அங்கே வைக்கலாமே என்ற வாதம் உடைவது இந்த இடத்தில்தான். ரஷ்யாவின் மிக்-31கே விமானம் தரையைவிட்டு எழும்பினாலே உக்ரைன் முழுக்க எச்சரிக்கை ஒலிக்கும். அது சுமக்கும் ஏவுகணை எந்த ஊரைக் குறிவைக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. ஸகர்பாத்தியாவில் ஏவுகணை விழாமலே போகலாம், ஆனால் சைரன் ஒலிக்காமல் போகாது. சைரன் ஒலித்தால் அரங்கைக் காலி செய்ய வேண்டும்.

அதன் விளைவைப் பார்வையாளர் இல்லாத நாளில் வைத்தே யோசிக்கலாம். விளக்கும் ஒலிபெருக்கியும் தொங்கவிடுவதற்காக ரிகிங் ஆட்கள் கூரைக்கடியில் இரும்புச் சட்டங்களில் கொக்கி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சைரன் வந்தால் பாதி ஏற்றிய பளுவை நிலைநிறுத்தி, மோட்டார்களைப் பூட்டி, ஒவ்வொருவராக இறங்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் மறுபடி ஏறி, விட்ட இடத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடர முடியும். ஒரு மணி நேர சைரன் ஒன்றரை, இரண்டு மணி வேலையைத் தின்னும். இரவு சைரனோ தூக்கத்தைத் தின்னும். தூங்காத ஆளைக் கூரைக்கு ஏற்ற எந்தப் பொறுப்பான மேற்பார்வையாளரும் சம்மதிக்க மாட்டார். அதற்குப் பிறகு ஒத்திகை. 37 நாடுகள், ஒவ்வொன்றுக்கும் முதல் ஒத்திகை வெறும் அரை மணி. கூட்டினால் 18 மணி 30 நிமிடம், ஒரு நிமிட இடைவெளிகூட இல்லாமல். ஒரு நாள் பிற்பகல் சிதைந்தால் பின்னால் வரும் அத்தனை நாடுகளும் வரிசையாகச் சரியும். கேமரா நகர்வு மனப்பாடமாகாமல் மேடையேறும் நாடு, 'எங்களுக்கு மட்டும் ஏன்' என்று புகார் கொடுக்கும். அதில் நியாயமும் இருக்கும்.

ஒத்திகைப் பதிவை ஒளிபரப்பிச் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். 2021-இல் ராட்டர்டாமில் ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குக் கொரோனா வந்தபோது, அவர்களின் ஒத்திகைப் பதிவுதான் ஓடியது. நாலாவது இடமும் கிடைத்தது. ஆனால் அது ஒரு நாட்டுக்கு. ஒரு முழு இரவும் பதிவாகவே ஓடும் என்றால், அதற்காக ஏன் எல்லோரும் ஓர் ஊருக்கு வர வேண்டும்?

இது கற்பனைப் பயமா என்றால், நடந்ததைப் பாருங்கள். லிவர்பூல் என்று அறிவித்தது 2022 அக்டோபர் 7. மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 10 அன்று உக்ரைன் மின்கட்டமைப்பின் மீது ஏவுகணை மழை. 'பாதுகாப்பான' லிவிவில் மின்சாரம் போயிற்று. டிசம்பர் 16 அன்று 70-க்கும் மேற்பட்ட ஏவுகணைகள். கீவ் மெட்ரோ ரயில் நின்றது. முதல் அரையிறுதி நடந்த 2023 மே 9 அன்றும் விடியுமுன் கீவை நோக்கி ஏவுகணைகள் வந்தன.

டிசம்பர் 16-க்கு மறுநாள்தான், தன் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விட்பிர் இறுதிச் சுற்றை சுஸ்பில்னே கீவின் மைதான் சதுக்க மெட்ரோ நிலையத்தில் நேரலையாக நடத்திக்காட்டியது. பதுங்கிடத்துக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை; நிகழ்ச்சியே பதுங்கிடத்துக்குள். உக்ரைனியர்களுக்குத் திறமை போதாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம். ஆனால் அதில் பாட்டு பத்து. 37 தூதுக்குழுக்கள், ஆயிரக்கணக்கான பார்வையாளர், இத்தனைக்கும் நிலத்தடியில் இடம் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானத்துக்கு மூடப்பட்டிருந்தது. ஆட்கள் போலந்தின் ப்ஷெமிஷல் வரை வந்து ரயில் ஏற வேண்டும். சரக்கு லாரிகள் எல்லையில் காத்துக் கிடக்க வேண்டும். ரயிலில் ஏற்றலாம் என்றால் தண்டவாள அகலமே வேறு: அங்கே 1,520 மில்லிமீட்டர், இந்தப் பக்கம் 1,435. மேற்கு உக்ரைனில் 10,000 பேர் கொள்ளும் கூரையுள்ள அரங்கம் இல்லை. லிவிவின் பெரிய மைதானம் 2012 யூரோ கால்பந்துக்காகக் கட்டியது, நடுவே திறந்தவெளி. விழா ரத்துக் காப்பீடுகளோ பொதுவாகப் போரை விலக்கியே எழுதப்படுகின்றன.

போலந்து பக்கம் எனக்கு மனச்சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவர்களில் ஏராளமானோர் அங்கே இருந்தார்கள். லிவிவிலிருந்து எல்லை ஒரு எட்டு. கிராகோவின் டாரோன் அரங்கம் ஏறக்குறைய 15,000 பேர் கொள்ளும், லிவர்பூலைவிடப் பெரியது. போலந்து ஒலிபரப்பு நிறுவனம் 2019-இல் கிளிவிட்செவில் ஜூனியர் யூரோவிஷனை நன்றாகவே நடத்தியது. பெரிய யூரோவிஷனை மட்டும் நடத்தியதில்லை; அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்பது ஊகம்தான், அதில் நான் தவறாகவும் இருக்கலாம். ஆனால் 2022 நவம்பர் 15 அன்று எல்லையோரக் கிராமமான ப்ஷெவோடுவில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தபோது, பக்கத்து வீட்டுக்கும் சைரனின் நிழல் நீள்கிறது என்று தெரிந்துபோயிற்று. உக்ரைனியர்கள் எளிதாக வருவார்கள் என்ற முக்கியமான சாதகமும் பாதிதான். அப்போது 18 முதல் 60 வயது ஆண்கள் சிறப்பு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியவில்லை. அவர்களுக்குக் கிராகோவும் லிவர்பூலும் ஒரே தூரம்.

பிரிட்டன் ஏன் என்றால், 'டூரினில் சாம் ரைடர் 466 புள்ளியோடு இரண்டாவதாக வந்தார், அதனால்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. ஜெயித்த நாடு ஒதுங்கிக்கொண்ட ஆண்டுகளில் 1972, 1974, 1980 ஆகிய மூன்று முறையும் முந்தைய ஆண்டு இரண்டாம் இடத்தில் இருந்தது ஸ்பெயின். மூன்று முறையும் போட்டி நடந்தது எடின்பரோவிலும் பிரைட்டனிலும் ஹேக்கிலும். பாவம் ஸ்பெயின்.

பிரிட்டனின் உண்மையான பலம் பழக்கம். நெதர்லாந்துக்காக 1960, பிரான்ஸுக்காக 1963, மொனாக்கோவுக்காக 1972, லக்ஸம்பர்க்குக்காக 1974 என அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைத் தன் ஊரில் நடத்திக்கொடுத்த அனுபவம் பிபிசிக்கு உண்டு. ஆனால் அந்த நான்கிலும் பெண் வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். 2023-இல் அவர்கள் ஒதுங்கவில்லை; மண்டபம் மட்டும்தான் வேறு ஊரில், கல்யாணப் பத்திரிகையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும். ஜூலை 25 அன்று வந்த அறிவிப்பும் 'உக்ரைன் சார்பில்' என்றே சொன்னது.

நாடு முடிவானபின் ஊர். ஆகஸ்ட் 12 அன்று ஏழு நகரங்கள். செப்டம்பர் 27 அன்று கிளாஸ்கோ, லிவர்பூல் என்று இரண்டாகச் சுருங்கியது. காகிதத்தில் கிளாஸ்கோதான் மேல். அதன் ஹைட்ரோ அரங்கம் 14,000 பேருக்கு மேல் கொள்ளும். பக்கத்திலேயே கண்காட்சிக் கூடங்கள். 2021-இல் அதே வளாகத்தில் ஐநா பருவநிலை மாநாடே நடந்தது. லிவர்பூல் அரங்கம் 11,000. மேடை, கலைஞர்கள் உட்காரும் இடம், கேமரா தண்டவாளம் எல்லாம் போக ஒரு காட்சிக்கு சுமார் 6,000 பேர்தான். மேடை மட்டுமே 450 சதுர மீட்டர்.

இருந்தும் லிவர்பூலை நான் சரி என்பதற்கு இரண்டு காரணம். அரங்கம், மாநாட்டு மண்டபம், கண்காட்சிக் கூடம் மூன்றும் மெர்சி ஆற்றங்கரையில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பியர் ஹெட்டில் ரசிகர் கிராமம். வாகனமே தேவைப்படாத விழாவில் பாதுகாப்புச் சோதனைக்கான எல்லைக்கோடு சின்னது, நேரமும் மிஞ்சும். இரண்டாவது, உக்ரைனின் ஒடெஸாவோடு லிவர்பூலுக்கு 1957 முதல் சகோதர நகர உறவு. துறைமுகத்துக்குத் துறைமுகம். அவசரத்துக்கு ஒட்டவைத்த நீலமஞ்சள் கொடி அல்ல.

உக்ரைன் பங்கு ஒப்புக்குச் சப்பாணி ஆகாமல் இருந்ததா? பெரும்பாலும் ஆம். தொகுப்பாளர்களில் யூலியா சனினா இருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஓடிய அறிமுகப் படத்தில் உக்ரைனின் ஓரிடம், பிரிட்டனின் ஓரிடம், பாடும் நாட்டின் ஓரிடம் என்று மூன்றும் வந்தன. 37 நாட்டுக்கும் அப்படியே. உக்ரைன் பகுதிகளைப் போர் நடக்கும்போதே படம்பிடித்தார்கள். நெருடிய இடமும் உண்டு: இறுதிச் சுற்றில் பேச ஜெலென்ஸ்கி கேட்டபோது, அரசியல் கூடாது என்று ஒன்றியம் மறுத்துவிட்டது. பாட்டு மட்டும் எங்கள் சார்பில், பேச்சு வேண்டாம் என்றால் அது எப்படிச் சார்பு என்று கீவில் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

லிவர்பூலின் பெரிய குறை அந்த 6,000 இருக்கைதான். மார்ச் 7 அன்று விற்பனை தொடங்கியதும் இறுதிச் சுற்று 36 நிமிடத்தில் தீர்ந்தது. பிரிட்டன் அரசு கொடுத்த 1 கோடி பவுண்ட் உதவியின் ஒரு பகுதி, அங்கே தஞ்சம் புகுந்திருந்த உக்ரைனியர்களுக்கு 3,000 சீட்டுகளைத் தலா 20 பவுண்டுக்குக் கொடுக்கப் போனது. ஒன்பது காட்சிகளுக்குமாகச் சேர்த்து 3,000. ஹைட்ரோவாக இருந்திருந்தால் அந்த எண் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். லிவர்பூல் பக்கம் நிற்கும் எனக்கும் உறுத்துவது இந்த ஒன்றுதான்.