குதிரையைப் பார்க்காமல் சேணம் தராத பாய்

பெரியமேட்டில், சிடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சேணப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எட்டடிக்குப் பத்தடி இடம், ஒரு ட்யூப்லைட், சேணத்தை ஏற்றிவைக்கும் மரத்தாங்கி இரண்டு. "சேணக்கார பாய்" என்று கேட்டால் அக்கம்பக்கத்துத் தோல் கடைக்காரர்கள் கைகாட்டிவிடுவார்கள். அவரிடம் என் மகளுக்கு டிரெசாஜ் என்கிற குதிரைச் சவாரிப் போட்டிக்கான சேணம் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். சேணம் எப்படி என்று குதிரையின் முதுகு சொல்ல இத்தனை நாள் வேண்டும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் 19 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். மகளுக்குப் பதினேழு வயது. புழல் ஏரிக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு லாயத்தில் ஆறு வருடமாகச் சவாரி பழகுகிறாள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நான்கு பேரும் டிரெசாஜ் அணிப் பிரிவில் தங்கம் வாங்கியதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் குதிரையை நடக்கவிட்டு, ஓடவிட்டு, வட்டம் போட வைத்து, கையும் காலும் அசைவதே வெளியில் தெரியாமல் செய்ய வேண்டும். அதனால்தான் அந்தச் சேணம், தடை தாண்டும் சவாரிக்கான சேணம் மாதிரி இருக்காது. இரண்டு பக்கமும் தொங்கும் ஃப்ளாப் நீளமாக, நேராக இறங்கும். உட்காரும் இடம் ஆழமாக இருக்கும். கிர்த், அதாவது குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை, அதை மாட்டும் வார்கள் நீளமாக இருக்கும், கொக்கி தொடைக்குக் கீழே வந்து உறுத்தக்கூடாது என்று.

அவள் ஏறும் குதிரை பொன்னி. ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற பெண் குதிரை, பன்னிரண்டு வயது, உயரம் 62 அங்குலம். குதிரைக்காரர்கள் கணக்கில் பதினைந்து கை, இரண்டு அங்குலம். ஒரு கை என்றால் நான்கு அங்குலம். குதிரை ஒரு டாக்டருடையது. பாதிச் செலவு எங்களுடையது, சேணம் முழுக்க எங்கள் பொறுப்பு.

முதல் சேணத்தை வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் படம் பார்த்து வாங்கினோம். பழையதுதான், ஆனால் கீறல் இல்லாத கறுப்புத் தோல். "17 இஞ்ச், மீடியம்" என்று எழுதியிருந்தார்கள். முதலாவது உட்காரும் இடத்தின் அளவு, அடுத்தது குதிரை முதுகுக்கான அகலம். 42,000 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாத ரவிக்கைக் கூலி முழுக்க அதற்குப் போனது. மகள் ஏறி உட்கார்ந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாவது வாரத்தில் பொன்னி மாறிவிட்டது. கிர்த் இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்கத் திரும்பும். ஏறியதும் முதுகைத் தாழ்த்தி, தலையை மேலே தூக்கிக்கொண்டு ஓடும். இடது பக்கம் கேண்டர், அதாவது தாவி ஓடும் மெதுவான பாய்ச்சல், எடுக்கவே எடுக்காது. மகளுக்கும் உட்காரும் நிலை கெட்டது. பயிற்சியாளர் நாள் தவறாமல், "கால் முன்னாடி போகுது, குதிகாலைப் பின்னாடி கொண்டு வா" என்று கத்துவார். தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இவளோ நாற்காலியில் சாய்ந்தவள் மாதிரி இருந்தாள். வீட்டுக்கு வந்து நானும் திட்டினேன். "இவ்வளவு காசு போட்டும் கவனம் இல்லையா?" என்று கேட்டேன். அந்த வார்த்தை இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கால்நடை மருத்துவர் வந்து கால், குளம்பு, பல் எல்லாம் பார்த்தார். நொண்டல் இல்லை. முதுகில் தோள்பட்டைக்குப் பின்னால் விரலால் அழுத்தியதும் பொன்னி துடித்து விலகியது. "மருந்து எழுதறேன், ஆனா மருந்து இதுக்கு வழி இல்லை. சேணத்தை யார்கிட்டயாவது காட்டுங்க" என்றார். லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் அண்ணன்தான் பாயைச் சொன்னார்.

சேணத்தை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியமேடு போனேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்மேட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்மேட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே இருக்கும் சட்டம் (பாய் அதை "மரம்" என்பார்) உடைந்திருந்தால் அந்த இழுப்பில் மடங்கும், இல்லையென்றால் கறமுற என்று சத்தம் வருமாம். "மரம் நல்லாருக்கு. சேணம் கெட்டதில்லம்மா. உங்க குதிரைக்கு ஆகுமான்னு குதிரையைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்." சரி, கடையில் இருக்கிற ஒன்றை விலை கேட்கலாம் என்று கேட்டேன். "குதிரையைப் பாக்காம குடுக்க மாட்டேன்" என்று அதை எடுத்து மேலே வைத்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. அளவு ரவிக்கை மட்டும் கொடுத்தனுப்பி, ஆள் வராமல் தைக்கச் சொல்பவர்களிடம் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு லாயத்துக்கு வந்தார். வெயில் ஏறுவதற்குள் குதிரை அமைதியாக இருக்கும் என்றார். பொன்னியைச் சமதளத்தில், நான்கு காலும் சதுரமாக நிற்க வைக்கச் சொன்னார். முதல் பத்து நிமிடம் சேணத்தைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் முதுகைத் தடவிக்கொண்டே போனார். தோள் எலும்பின் விளிம்பைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக முன்னால் இழுத்தார். அந்த எலும்பின் மேல்நுனி கோட்டைத் தாண்டிப் பின்னால் நகர்ந்தது! "ஒவ்வொரு அடிக்கும் இப்படித்தான் பின்னாடி வரும். அது வந்து மரத்துல இடிச்சா எப்படி ஓடும்?" அடுத்து விலாவில் கடைசி எலும்பைத் தேடி, அது முதுகைத் தொடும் இடம்வரை விரலால் ஏறிப்போய், அங்கே இன்னொரு கோடு. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்புகள். கடைசி எலும்பைத் தாண்டிச் சேணம் உட்காரக்கூடாது, அதற்குப் பின்னால் தாங்குவதற்கு விலா எலும்பு இல்லை. முன்கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் இடம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பழைய சேணத்தை வைத்தார், துணி எதுவும் போடாமல். முன்னால் வைத்துப் பின்னுக்கு நகர்த்த, அது தானாக ஒரு இடத்தில் நின்றது. பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து இருக்கையின் நடுவில் படுக்கவைத்தார். அது உருண்டு நேராகப் பின்மேட்டில் போய் முட்டிக்கொண்டது. நடுவில் எடுத்து வைத்தார். திரும்பவும் பின்னால். மூன்றாவது தடவை என் மகளைக் கூப்பிட்டு அவளையே வைக்கச் சொன்னார். உருண்டது.

"பாப்பா, நீ என்ன பண்ணாலும் இதுல பின்னாடிதான் உக்காருவே. கால் முன்னாடிதான் போகும். உன் மேல தப்பில்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பொன்னியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

காரணம் எளிமையானது. ரேஸை விட்டு வந்தபோது பொன்னி ஒல்லியாக இருந்தது. இரண்டு வருடம் நல்ல தீனியும் நிதானமான வேலையும் கிடைத்து, தோளுக்குப் பின்னால் சதை பிடித்திருக்கிறது. சேணத்தின் முன் சட்டம் அதற்குக் குறுகல். குறுகலான சட்டம் கீழே இறங்க முடியாமல் மேலே நிற்கும். முன்மேடு தூக்கிக்கொள்ளும், இருக்கை பின்னால் சரியும். சட்டத்தின் இரண்டு நுனிகளும் சதையைக் கவ்வும். குதிரையின் வலியும் மகளின் நாற்காலி உட்காரலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. பிறகு வியர்வையையும் காட்டினார். இருபது நிமிடம் ஓட்டி இறக்கியபோது முதுகெல்லாம் நனைந்திருக்க, தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் இரண்டு இடம் மட்டும் காய்ந்து, முடி கலைந்து கிடந்தது. முதுகெலும்பின் மேல் நீளவாக்கில் காய்ந்திருப்பது நல்லது, அங்கே சேணம் படக்கூடாது. நனைந்த இடத்துக்கு நடுவில் தீவு மாதிரி காய்ந்திருந்தால் அது அழுத்தம். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் அங்கே வெள்ளை முடி முளைக்கும்.

நான் தடிமனான பேட் போட்டால் சரியாகுமா என்று கேட்டேன். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. இறுக்கமான ரவிக்கைக்கு லைனிங் கொடுத்தால் இன்னும் இறுக்கும், அவ்வளவுதான்.

வளையும் அளவுகோலை முதுகின் குறுக்கே மூன்று இடத்தில் அழுத்தி, அதன் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டார். தேதியும் எழுதினார். இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் பருமன் என்று அட்டையை மடித்துக் காட்டினார். மனிதர்களுக்கும் அப்படித்தான், இரண்டு தோளும் ஒன்றாக இருக்கிற ஒருவரைக்கூட நான் தைத்ததில்லை. சட்டத்தைப் பெரிய பக்கத்துக்குப் பொருத்தி, சிறிய பக்கத்தில் பேனலுக்குள், அதாவது குதிரை முதுகில் படும் மெத்தைக்குள், கம்பளியைக் கூட்டிச் சரிசெய்வது அவர் முறை.

அகலத்தை உறுதிசெய்ய லாயத்தில் இன்னொருவரின் வின்டெக் சேணத்தை வாங்கிப் போட்டுப் பார்த்தார். தோல் இல்லை, செயற்கைப் பொருள். முன் சட்டத்தில் உள்ள இரும்பைக் கழற்றி வேறு அகலம் மாட்டலாம். கறுப்பு மீடியம், நீலம் அதைவிட ஒரு படி அகலம், சிவப்பு வைட். கறுப்பு மாட்டியபோது தூக்கி நின்றது. நீலத்தில் நூல்கண்டு நடுவில் நின்றது. முன்மேட்டுக்கும் முதுகுமேட்டுக்கும் நடுவில் மூன்று விரல், மகள் ஏறிய பிறகும் இரண்டரை விரல் இருந்தது. வளரும் குதிரைக்கும், மழையில் நனைகிற இடத்துக்கும் இந்த வகைச் சேணமே போதும் என்று பாயே சொன்னார், தன் வியாபாரம் போகுமே என்று யோசிக்கவில்லை. நாங்கள் தோலுக்குப் போனது அந்த இடது வலது வித்தியாசத்துக்காக. அந்த வின்டெக்கின் பேனலில் காற்றுப்பைகள் இருந்தன, கம்பளி மாதிரி பக்கத்துக்குப் பக்கம் திணித்துக் கூட்டிக் குறைக்க முடியாது.

மகளுக்கு அளவெடுத்ததையும் சொல்ல வேண்டும். அவள் இடுப்பு சிறியது, அதனால் 17 என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். பாய் தொடை நீளத்தைப் பார்த்தார். 17-ல் முழங்கால் முன்பக்கத் தடுப்பில் முட்டியது. 17.5-ல் சரியாக அமர்ந்தது, பின்னால் ஒரு கை அகலம் இடம் இருந்தது. அங்கவடி தொங்கும் கம்பி முன்தள்ளி இருந்தாலும் கால் முன்னால் போகும் என்று அதையும் உட்கார வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

சட்டம் கான்பூரிலிருந்து வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் ராணுவத்துக்காக வளர்ந்த தொழில் அங்கே இன்றும் நடக்கிறது, கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. தோல் பெரியமேட்டுத் தோல். தையல் கையால், இரண்டு ஊசி போட்டு எதிரெதிராக இழுத்துத் தைக்கிறார். அந்தத் தையலை நான் நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன். ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது நிற்கும். சேணம் 68,000, லாயத்துக்கு வந்து பார்த்ததற்கு 2,500. பழையதை, குறுகலான முதுகுள்ள ஒரு குதிரைக்காரருக்கு அவரே அளந்து பார்த்து 30,000-க்கு விற்றுக்கொடுத்தார்.

குறைகளும் உண்டு. நான்கு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆக்கினார். நடுவில் மகளுக்கு ஒரு போட்டி போய்விட்டது, அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. போன் அடித்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். புதுத் தோலின் சாயம் முதல் இரண்டு வாரம் வெள்ளைச் சவாரி பேன்ட்டில் இறங்கியது, வினிகரும் சோப்பும் போட்டும் முழுக்கப் போகவில்லை. கிர்த் தனியாக வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லவில்லை. டிரெசாஜ் சேணத்துக்குக் குட்டையான கிர்த் வேண்டும், எங்களிடம் இருந்த நீளமான கிர்த் பயன்படவில்லை. அது 4,000 ரூபாய் கூடுதல் செலவு.

மூன்றாவது மாதம் சொன்னபடி வந்தார். புதுக் கம்பளி அமுங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். அதே அட்டைகளை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்து, பேனலில் உள்ள சின்னப் பிளவு வழியாக நீளமான இரும்புக் கம்பியால் வலது பக்கம் ஒரு பிடி கம்பளியைத் திணித்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பளியை முதலில் விரலால் பஞ்சு மாதிரி உதிர்த்து, கட்டி இல்லாமல் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளுகிறார். ஒரே கட்டியாகத் தள்ளினால் குதிரை முதுகில் கல் வைத்த மாதிரி ஆகிவிடுமாம். அதற்குக் காசு வாங்கவில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அப்போது கூலி உண்டு.

வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கம் தோலில் பூஞ்சை ஏறிவிடும். தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்க்காதீர்கள் என்று பாய் கண்டிப்பாகச் சொன்னார், தோல் தொளதொளத்துத் தையலும் பலம் குறையும். கிளிசரின் சோப்பில் துடைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறவைக்கிறோம். சேணம் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், பழைய துணிக்கட்டின் மேல்தான் இருக்கிறது.

பொன்னி இப்போது கிர்த் போடும்போது வைக்கோலை மென்றுகொண்டு சும்மா நிற்கிறது. இடது கேண்டர் எடுக்க ஆறு வாரம் பிடித்தது. வலித்த இடம் ஆறினாலும் பயம் போக நாள் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அவசரப்படுத்தவில்லை. குதிகாலைப் பற்றிப் பயிற்சியாளர் பேசுவதை நிறுத்திவிட்டார். இப்போது கையைப் பற்றிச் சொல்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் போயிருப்பார். குதிரையின் படத்தைக் கொண்டுபோய்ப் பயனில்லை. குதிரை நிற்கும் இடத்துக்குப் போக வர வண்டிக் கூலி நீங்கள் கொடுக்க வேண்டும், செங்குன்றம் வரை வருவார். சவாரி செய்பவரும் அங்கே இருக்க வேண்டும், வழக்கமாகப் போடும் பூட்ஸும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு.