ஸ்கீமா சோதனைக் கருவிகள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடுதான் ஸ்கீமா. அதைச் சோதிக்க கூகுளின் பழைய ஸ்ட்ரக்சர்டு டேட்டா டெஸ்டிங் டூல் செய்துவந்த வேலை இன்று இரண்டு கருவிகளாகப் பிரிந்திருக்கிறது. இந்தக் குறியீட்டுக்கான பொதுச் சொல்தொகுப்பான ஸ்கீமா.ஆர்க்கின் வகைகள் அனைத்தையும் சரிபார்ப்பது 2021இல் வந்த ஸ்கீமா மார்க்கப் வேலிடேட்டர். நட்சத்திரம், விலை, படம் ஆகியவற்றுடன் கூகுள் தேடலில் தோன்றும் தகுதி பக்கத்துக்கு உண்டா என்பதை மட்டும் சொல்வது ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட். சிறு வணிகத் தளங்களைப் பராமரிக்கும் எனக்கு, முதலில் வேலிடேட்டர், பிறகு மற்றது என்ற வரிசையே ஒத்துவருகிறது.

எழுத்துமுறைப் பிழைகளைப் பிடிப்பதில் இரண்டுமே கெட்டி. வேர்டு கோப்பிலிருந்து ஒட்டிய ஜேசன்-எல்டி (ஸ்கீமாவை எழுதும் ஒரு வடிவம்) நிரலில் நேர் மேற்கோளுக்குப் பதிலாக வளைந்த மேற்கோள் குறி வந்துவிட்டால், அந்தத் தொகுதி முழுவதுமே படிக்க முடியாததாகிவிடும். கருவி உடனே காட்டிக்கொடுக்கும். சமையல் குறிப்பில் நேரத்தை "30 நிமிடம்" என்று எழுதாமல் "PT30M" என்ற ஐஎஸ்ஓ தர வடிவில் தர வேண்டும் என்பதையும், விலையில் காற்புள்ளி கூடாது என்பதையும் புதியவர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் பச்சை டிக் உண்மைக்குச் சான்று அல்ல. ஒரு சேலைக் கடைத் தளத்தில் தீம் (தளத்தின் வடிவமைப்புத் தொகுப்பு) ஒரு ப்ராடக்ட், அதாவது விற்பனைப் பொருள், குறியீட்டையும், எஸ்இஓ பிளக்இன் (தேடலுக்காகத் தளத்தைச் சீராக்கும் துணை நிரல்) இன்னொன்றையும் வெளியிட்டுக்கொண்டிருந்தன. ஒன்றில் தள்ளுபடி விலை, மற்றதில் பழைய விலை, பக்கத்திலோ "இருப்பு இல்லை" என்ற அறிவிப்பு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் இலக்கண சுத்தம். பக்கத்தில் வாசகர் காண்பதோடு குறியீடு பொருந்த வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறியதற்காக நடவடிக்கை வந்தால் தரவரிசை குறையாது, ரிச் ரிசல்ட் தகுதிதான் பறிபோகும். இந்தப் பொருத்தத்தைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

தகுதி இருந்தாலும் தேடலில் தோன்றும் என்ற உத்தரவாதம் கிடையாது. 2023 ஆகஸ்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (FAQ) வகை ரிச் ரிசல்ட்டை நம்பகமான அரசு, சுகாதாரத் தளங்களோடு கூகுள் சுருக்கிக்கொண்டது. அடுத்த மாதமே செய்முறை (HowTo) வகையும் போயிற்று. குறியீட்டில் பிழையே இல்லாதபோது இதை வாடிக்கையாளருக்கு விளக்குவதுதான், சொல்லப்போனால், பிழை திருத்துவதைவிடப் பெரிய வேலை.

இரண்டு கருவிகளும் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தையே பார்க்கும் என்பதால், நூற்றுக்கணக்கான பொருட்கள் கொண்ட தளத்துக்கு சர்ச் கன்சோல் (தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சேவை) அறிக்கையையே நம்புகிறேன். அது தாமதமாக வரும். ஆகவே தீம் புதுப்பித்த அன்றே வகைக்கு ஒரு பக்கமாவது எடுத்து நேரடியாகச் சோதித்துவிடுகிறேன்.