ட்ரையாப்ஸ் வளர்ப்புப் பெட்டி: முட்டை அருமை, தொட்டிதான் போதாது

பெட்டியைத் திறந்தால் மணல் கலந்த முட்டை பாக்கெட், உணவு உருண்டைகள், சிறு பிளாஸ்டிக் தொட்டி, ஒட்டும் வெப்பமானி, துளிக்குழாய், இலைமக்கு அடைத்த ஒரு பை. கொடுக்கும் காசு முட்டைக்கும் மக்குப் பைக்கும்தான். மற்றவற்றை வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்கலாம்.

ட்ரையாப்ஸ் மழைக்குட்டையில் வாழும், இறால், நண்டு போன்ற ஓட்டுடலி. குட்டை ஆண்டுதோறும் வற்றுவதால் மீன்கள் அங்கே தங்க முடியாது. அதுவே இதற்குக் காப்பு. வற்றும் காலத்தை முட்டையாகவே கடக்கிறது. உலர்ந்த குட்டையில் புதுமழை நிரம்பும்போது நீரில் உப்பு மிகக் குறைவு. முட்டை பொரிய அதுதான் தூண்டுதல். எனவே காய்ச்சி வடித்த நீரையே (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள். குழாய்நீரில் உப்பும் அதிகம், குளோரினும் உண்டு. அரை லிட்டர் நீர், 22 முதல் 26 டிகிரி வெப்பம், இரவிலும் விளக்கு. இவை சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வெண்புள்ளிகள் துள்ளத் தொடங்கும்.

பாக்கெட் முழுவதையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள், பாதி போதும். போட்டதிலும் எல்லாம் பொரியாது, அது தரக்குறைவு அல்ல. முதல் மழையை நம்பி எல்லா முட்டையும் பொரிந்து, குட்டை சீக்கிரம் வற்றிவிட்டால் வம்சமே போய்விடும். சிலவற்றை அடுத்த மழைக்கு மிச்சம் வைத்த தாய்களின் சந்ததிதான் நிலைத்தது. இயற்கைத் தேர்வை வீட்டு மேசையில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் அரிது. ஆனால் கையேடு இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

குஞ்சுகள் அதிகம் சாவது முதல் வாரத்தில். கரு உணவு தீர்ந்தபின் அவற்றுக்கு வேண்டியது மக்கில் பெருகும் நுண்ணுயிர்கள். அதனால் மக்குப் பையை முட்டையோடு சேர்த்தே போடுங்கள். உருண்டையை மூன்றாம் நாளுக்குப் பிறகு மாவாக நசுக்கி, ஊசிமுனை அளவு மட்டும். கூடுதலாகப் போட்டால் பாக்டீரியா பெருகி நீர் கலங்கும், ஆக்சிஜன் குறையும். வளர்ந்தவை மல்லாந்து நீர்மட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். உடனே கால் பங்கு நீரை அதே வெப்பமுள்ள நீரால் மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் அதிர்ச்சியிலேயே இறக்கும். செம்பு கலந்த மீன் மருந்து பட்ட பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

தொட்டிதான் பெரிய குறை. இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரும் உயிருக்கு ஒன்றுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். நெருக்கடியில், அப்போதுதான் ஓடு கழற்றிய மெல்லுடலை மற்றவை தின்றுவிடும். கண்ணாடிபோல் மிதக்கும் வெற்று ஓட்டைப் பிணம் என்று நினைத்துப் பதறவும் வேண்டாம்.

இவ்வகைப் பெட்டிகளின் மூடியில் வழக்கமாக வரும் ‘22 கோடி ஆண்டுகளாக மாறாத உயிர்’ என்ற வாசகத்தை நம்பாதீர்கள். டைனோசர்கள் தோன்றிய ட்ரையாசிக் காலப் புதைபடிவங்களின் உருவம் இதை ஒத்திருப்பது உண்மை. ஆனால் இன்றைய இனங்கள் அதற்கு வெகுகாலம் பின்னரே பிரிந்தவை என்று 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வெளித்தோற்றம் அப்படியே இருக்க, உள்ளே பரிணாமம் நிற்கவே இல்லை. பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

ஆயுள் இரண்டு மூன்று மாதம். பெட்டிகளில் அதிகம் வரும் லாங்கிகாடேட்டஸ் இனத்தில் பல வகைகள் இணையின்றியே முட்டையிடும். ஒன்று பிழைத்தாலும் போதும். அடிமணலை நன்றாக உலரவிட்டு, சில வாரம் கழித்து நனைத்தால் அடுத்த தலைமுறை கிடைக்கும்.

மிஞ்சியதைக் குளத்திலோ வயலிலோ விடவே கூடாது. ஜப்பானிய நெல்வயல்களில் களையைக் கட்டுப்படுத்த உதவும் ட்ரையாப்ஸ், கலிபோர்னியாவில் நெல்நாற்றைச் சிதைக்கும் பூச்சியாகக் கருதப்படுகிறது. பழைய நீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.