குளிசையா, கதைத்துப் பார்ப்பதா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு தெரிவு செய்வது

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதா, உளவளத்துணைக்குப் போவதா என்று கேட்கிற ஆக்களில் பாதிப் பேர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். குளிசை மட்டும் வேண்டாம் என்பதுதான் அந்தப் பதில். குளிசை போட்டால் ஊர் விசர் என்று சொல்லும், ஒருமுறை தொடங்கினால் சாகும்வரை விட முடியாது, எந்த நேரமும் நித்திரையிலேயே கிடக்க வேண்டும், இப்படி மூன்று பயம். முதலாவது உண்மைதான், ஆனால் அது ஊரின் பிழை. மற்ற இரண்டும் இப்போது அதிகம் எழுதப்படும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

முதலில் பார்க்க வேண்டியது வருத்தம் எந்த அளவில் இருக்கிறது என்பதை. வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை, சில வாரமாக இப்படித்தான் என்றால் பேச்சுச் சிகிச்சையில், அதாவது பயிற்சி பெற்ற ஒருவரோடு முறையாகக் கதைத்துத் தேறுகிற வழியில், தொடங்குவது நியாயம். பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டியும் கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பிக் கேட்டால் தவிர, மருந்தை முதல் தெரிவாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் நித்திரை போய், சாப்பாடு இறங்காமல், குளிக்கக்கூட எழும்ப முடியாமல் கிடக்கிற ஒருவரை "போய் மனம் விட்டுக் கதை" என்று அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கதைப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேணும். அந்த நிலையில் இரண்டும் சேர்ந்து போவதுதான் ஒன்றைவிட நல்ல பலன் தருகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

இனி நம்ம ஊர்க் கணக்கு. முறையான பேச்சுச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஒருமுறை வீதம் பத்துப் பன்னிரண்டு தடவை, சிலருக்கு இருபது வரையும் போகும். வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ இருந்து பஸ் பிடித்து டவுணுக்கு வருகிற கூலிக்காரருக்கு அது அத்தனை நாள் சம்பளம். குளிசை அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசம், நிலைமை சீரான பிறகு மாதத்துக்கு ஒருமுறை போனால் பெரும்பாலும் போதும். இதனால்தான் பலர் மருந்தோடு நின்றுவிடுகிறார்கள், மருந்து மேலான தெரிவு என்பதால் அல்ல. அப்படி நிற்க வேண்டியும் இல்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், காசு இல்லை. குடும்பச் சண்டை, கடன், இழப்பு போன்றவற்றை இறக்கி வைக்க நல்ல இடம். ஆனால் அவர்கள் மருந்து எழுதுகிறவர்கள் அல்ல, அப்புறம் எல்லோரும் ஆழமான சிகிச்சை முறைகளில் பயிற்சி பெற்றவர்களும் அல்ல. "நீங்க எந்தச் சிகிச்சை முறை படிச்சிருக்கிறீங்க, எத்தனை தடவை வரவேணும்?" என்று நேரே கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். சின்ன ஊரில் எதிரே இருப்பவர் மாமியின் சிநேகிதியாகவும் இருக்கக்கூடும், அந்தக் கூச்சத்துக்காகவே கல்முனை ஆள் மட்டக்களப்புக்கும் மட்டக்களப்பு ஆள் கல்முனைக்கும் போனால் அதில் ஒரு தப்பும் இல்லை.

மருந்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பமெல்லாம் இங்கேதான். புளுஒக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் எல்லாம் ஒரே குடும்பம். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய அலசல் 522 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையைவிட நன்றாகவே வேலை செய்தன, ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மிதமானதுதான். அதிசய மருந்தும் இல்லை, ஏமாற்றும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய இன்னும் கொஞ்சம். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், தலையிடி, வயிற்றுப் புரட்டல், சிலருக்கு நித்திரைக் குழப்பம். அதாவது கஷ்டம் முதலில், நன்மை பிறகு. பத்தாம் நாள் "இது எனக்குச் சரிவராது" என்று நிறுத்துகிறவர்கள் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் போகிறார்கள். பாலுறவில் ஆர்வம் குறைவதும் நடக்கும், வெட்கத்தில் டொக்டரிடம் சொல்லாமல் ரகசியமாகக் குளிசையை விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சொன்னால் அளவை அல்லது மருந்தை மாற்றிப் பார்க்கலாம்.

சுகமான பிறகு விடுவதும் ஒரு வேலை. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால் தேறிய பிறகும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் தொடரச் சொல்வது வழக்கம். பிறகு டொக்டர் படிப்படியாகக் குறைப்பார். திடீரென விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், கெட்ட கனவு வரலாம். அதைப் பார்த்துத்தான் "அடிமையாகிட்டான்" என்று சொல்கிறார்கள். மதுவைப் போல ஏக்கம் வந்து அளவு கூடிக்கொண்டே போகிற சாமான் இல்லை இது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் சிலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஒருநாளைக்கு ஒருதரம் போடுகிற குளிசையை ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்ற முடியும், டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பேச்சுச் சிகிச்சையின் பெரிய பலம் இந்த இடத்தில்தான் தெரியும். குளிசை நின்ற பிறகும் அங்கே பழகியது கையோடு இருக்கும், வருத்தம் திரும்பி வருவதைக் குறைக்கும். ஆக ஆறுதலாக முன்னேற நேரம் இருக்கிறவருக்கு அது லாபமான தெரிவு.

சரி, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? பாமசிக்காரரிடம் "மனசுக்கு ஒண்டு தாங்க" என்று கேட்பதுதான் மிக மோசமான வழி. நித்திரைக் குளிசை ஒன்று கைக்கு வரும், அதற்குத்தான் உண்மையிலேயே பழகிப்போகிற ஆபத்து உண்டு. கனடாவில் இருக்கிற மச்சான் தான் போடுகிற மருந்தின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அன்புதான், ஆனால் உங்கள் உடம்பை அவர் பார்க்கவில்லை. கோயிலுக்கோ பள்ளிக்கோ போவதில், நூல் கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. கட்டுகிறவர் "இனி ஆஸ்பத்திரி மருந்தை விடு" என்றால் மட்டும் எழும்பி வந்துவிடுங்கள். சனல் பண்ணிப் பார்க்கிற டொக்டரும் கிளினிக் டொக்டரும் பல நேரம் ஒரே ஆள்தான், காசுக்குக் கிடைப்பது கொஞ்சம் கூடுதல் நேரமும் குறைந்த வரிசையும். ஆளைத் தெரியாவிட்டால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம்.

நல்ல டொக்டர் என்றால் குளிசை எழுதுமுன் சில கேள்வி கேட்பார், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் காசை வாரி இறைத்த காலம் இருந்ததா? இருந்தால் அது வேறு வருத்தமாக இருக்கலாம், மருந்தும் வேறு. ட்ரமடோல் போன்ற வலிக் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து எடுக்கிறீர்களா? கர்ப்பமா? தைரொயிட், இரத்தச்சோகை பார்க்க இரத்தப் பரிசோதனை செய்தீர்களா? தைரொயிட் கோளாறும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரும்.

25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகளுக்கு உண்டு. வீட்டில் ஒருவர் குளிசையைத் தன்னிடம் வைத்து அன்றன்றைக்குரியதை மட்டும் கொடுக்கட்டும். அப்படியான எண்ணம் வந்துவிட்டால் கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும், கதைக்க ஆள் வேணும் என்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.